ஆறாவது குழியில் சுக்கு

முதலில் என் மானத்தைக் கப்பலேற்றிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அன்றைக்கு உன் வூட்டு அடுக்களையில், "இந்தாடி, பிரிக்காத பொட்டலம், நீயே பிரிச்சுக்கோ" என்று ராணி மாதிரி நீட்டினேனே, அதில் இருந்தது வைத்தியர் பொடி இல்லை. சுக்கு. இட்லிக் குண்டான் ஆவியில் காட்டிப் பொட்டலத்தின் ஒட்டைப் பிரித்து, பொடியைக் கொட்டி எடுத்துக்கொண்டு, சுக்கைப் போட்டு, சோற்றுப் பருக்கையால் மறுபடி ஒட்டினேன். அதுவும் நல்ல சுக்கு என்று நினைத்துவிடாதே. பூச்சி விழுந்து, தூக்கிப்போட மனசில்லாமல் டப்பாவின் அடியில் கிடந்தது. நாற்பத்தொன்பது வயசு, பத்திரிகையில் நாலு பேர் சிரிக்க எழுதுகிறவள் என்று ஊருக்குள் ஒரு பேர், கடைசியில் செய்த காரியம் இது.

போன வாரம் உன் வூட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு, கையில் உன் பெட்டி.

"பரண காலி பண்றேம்மா. எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன். இத மட்டும் போட பயமா இருக்குது. அவ கனவுல வந்து காதத் திருகுவா. நீயே வச்சுக்க."

டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவருக்கும் எனக்கும் பேச்சு என்றால் அது நீதான். நீ இல்லாமல் இரண்டு பேரும் என்ன பேசுவது? "போயிட்டு வரேம்மா" என்று இறங்கிவிட்டார்.

திறந்தேன். சுக்கு வாசனை. நீ எதையும் வீணாக்க மாட்டாயே! ஒவ்வொரு பொட்டலத்திலும் மிச்சமான பொடியைத் தாளில் மடித்து, மேலே ஊர்ப் பேர் எழுதி வைத்திருந்தாய். கம்மாபுரம். மங்கலம்பேட்டை. கருவேப்பிலங்குறிச்சி. நாலாவது மடிப்பில் ஊர் இல்லை. 'இவள்' என்று மட்டும் எழுதியிருந்தது. வாசனை அதிலிருந்துதான் வந்தது.

அந்தப் பெட்டி பிறந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் இன்னும் பீற்றிக்கொள்வேன். எங்கள் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை அடுக்கும் அட்டைப்பெட்டி அது. நீ உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தாய். சாமி படத்துக்குப் போடும் குட்டி பல்பு ஒன்றை மாட்டினாய். மேலே போன் கேமராவுக்கு ஓர் ஓட்டை. அடியில் வைக்க வெள்ளைத் தட்டு வேண்டும், அதில் ஆறு குழி வேண்டும் என்றாய். நான் கம்பெனியில் பீங்கானுக்கு அச்சு வார்க்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏங்க, எறும்புக்குப் பணியாரம் சுடப்போறீங்களா?" என்றார். இருந்தாலும் செய்து கொடுத்தார். நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதே சூளையில் இதே தடவை வெந்த தட்டாக இன்னும் நாலு வேண்டும் என்றாய். ஏனென்று கேட்டதற்கு, "வெள்ளையில ஆயிரம் வெள்ளை இருக்குதுடி. உனக்குத் தெரியாததா?" என்றாய்.

எனக்குத் தெரியும்தான். வெந்ததா வேகாததா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. பீங்கானை உடைத்து ரோஸ் மையில் ஊறப்போட்டு எடுப்பேன். மை உள்ளே இறங்கியிருந்தால் ஓடு சரியாக வேகவில்லை, அந்தச் சரக்கு முழுக்கக் கழிவு. இருபது வருஷமாக அதையே பார்த்து என் விரல் பத்தும் கத்தரிப்பூ நிறம். கல்யாண வூட்டில் பந்தி பரிமாறப் போனால் ஆட்கள் இலையை இழுத்துக்கொள்வார்கள். ஊர்ப் பீங்கானில் எல்லாம் விரிசல் கண்டுபிடிக்கிறவள், தன் விரிசலுக்குச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள் பார்.

நீ காலேஜ் லேபில் உதவியாளர். அங்கே ஒரு மேடம் பிள்ளைகளுக்கு, சொட்டுவிடும் சோதனை மருந்தின் நிறத்தைப் போனை வைத்தே அளக்கலாம் என்று காட்டியதைப் பார்த்துவிட்டு வந்தாய். மற்றவர்களாயிருந்தால் மறந்திருப்பார்கள். உனக்குக் காலேஜ் வாட்ச்மேன் சம்சாரம் ஞாபகம். மூட்டுவலிக்கு ஸ்கூட்டரில் ஊர் ஊராக வரும் வைத்தியரிடம் பொடி வாங்கித் தின்று, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் போய் விழுந்தாள். பொட்டலத்தின் மேல் பச்சை இலை படம், 'முழுக்க மூலிகை' என்று எழுத்து. உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துப் போட்டிருக்கிறான் என்பது உன் சந்தேகம். அதை நிரூபித்து, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதி, அந்த ஸ்கூட்டரை நிறுத்துவது என்று கிளம்பினாய்.

"போன் என்னாடி பண்ணும்? அது டாக்டரா?" என்று நான் கேட்டேன்.

"பொடிய ஸ்பிரிட்டுல கரைச்சு ஒரு சொட்டு வைக்கிறேன். மேல இந்த மருந்து ஒரு சொட்டு. ஸ்டீராய்டு இருந்தா ஊதா வரும். நெறைய இருந்தா அடர் ஊதா. ஊதா எவ்வளவு வெளிச்சத்தத் தின்னுதுன்னு போன் பாத்து ஒரு நம்பர் சொல்லும்."

"நம்ம கண்ணாலயே பாத்தா ஆவாதா?"

"நம்ம கண்ணு ஆளப் பாத்துப் பேசும்டி. வெளிச்சத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸேறி ஊர் ஊராகப் போய் பொட்டலம் சேகரித்தாய். நம்ம ஜனங்கள் மணவாளநல்லூர்க் கோயிலில் வேலுக்கு முன்னால் பிராது எழுதிக் கட்டச் சொன்னால் பேர், ஊர், அப்பா பேர் எல்லாம் போட்டுக் கட்டுவார்கள். ஆபீசுக்கு மனு என்றால் பொட்டலத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். நீ அலைந்து அலைந்து மூன்று ஊரில் மூன்று பொட்டலம் வாங்கிவந்தாய். நம்ம ஊர்ப் பொட்டலம் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாய். எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரிந்துதான் வந்தாய்.

"உன் மூஞ்சி வர வர உளுந்து வடை மாதிரி உப்புதுடி. நடுவுல ஓட்ட போட்டா டீக்கடையில வச்சுடலாம்."

"பொறாம" என்றேன்.

"அந்தப் பொடிதான?"

"சத்துக்கூடிப்போச்சு. உனக்கென்ன?"

என் முட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கத் தெரியாது. மாடி ரூம், இருபத்திரண்டு படி. கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லாமல் நான் உண்டு என் வாய் உண்டு என்று இருக்கிறவளுக்கு, சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் கை கொடுக்க இருந்தது அந்தப் படிக்கட்டின் இரும்புக் கம்பி ஒன்றுதான். பொடி சாப்பிட்ட மூன்றாம் நாள் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். ஏறி மேலே நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறுபடி இறங்கி, மறுபடி ஏறினேன். அதை என்னிடமிருந்து யாராவது பிடுங்கினால்? பிடுங்க வந்தது நீயாக இருந்தால்?

இன்னொன்றும் உண்டு. பேக்கிங் செக்ஷனில் பதினோரு பெண்களுக்கு அந்தப் பொடியை நான்தான் அறிமுகம் செய்து வைத்தேன். வைத்தியர் வியாழக்கிழமை ஜங்ஷன் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினால், "அக்கா அனுப்புனாங்க" என்று என் பேரைச் சொல்லித்தான் வாங்குவார்கள். அதில் செல்வி சின்னப்பெண், முப்பத்தி நாலு வயசு. நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி கட்டுகிற வேலை. "கால் வலிக்குதுக்கா" என்று ஒரு நாள் சொன்னாள். என் பங்கிலிருந்தே ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். பெரிய மனசு!

அந்த ஐப்பசி ஞாயிறு. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாய். "கைய கழுவிட்டு வாடி மொதல்ல" என்று என்னைத் துரத்தினாய். முதல் குழியில் கலப்பில்லாத மூலிகை, இரண்டாவதில் மாத்திரைக் கரைசல், அப்புறம் மூன்று ஊர்ப் பொடி, ஆறாவதில் என்னுடையது. சொட்டு விட்டாய். பெட்டியை மூடி, மணி பார்த்தாய். நான் எதையாவது உளறிக்கொண்டே இருந்தேன். பயந்தால் நான் பேசுவேன், உனக்குத்தான் தெரியுமே. மூடியைத் திறந்தபோது மூன்று ஊரும் ஊதா. ஆறாவது குழி, குழம்பு வைத்த கையைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

போன் காட்டிய நம்பரைப் பார்த்தாய். தட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை கொஞ்சம் நீளம்.

"உன் பொடி சுத்தமா இருக்குதுடி" என்றாய்.

"நான்தான் சொன்னேன்ல?" என்றேன் நான். அந்த வாயை எதால் அடிப்பது?

ஒரே இலை படம், ஒரே வைத்தியர், மூன்றில் உண்டு ஒன்றில் இல்லை என்றால், பொடியைவிடப் பெட்டி மேல்தான் சந்தேகம் வரும். மேடமும் அதையேதான் சொன்னார்களாம்: இந்த வித்தியாசம் ஏனென்று தெரியாமல் மனுவை அனுப்பாதீங்க, சிரிப்பாங்க. நீ பல்பை மாற்றினாய், சொட்டு மருந்தைப் புதிதாகக் கலக்கினாய். என்னிடம் இன்னொரு பொட்டலம் கேட்டாய். தீர்ந்துபோச்சு என்றேன். "பெட்டியில ஏதோ கோளாறுடி, என்னான்னு புரியல" என்றாய். உன் குரலில் அப்படியொரு தோல்வியை நான் கேட்டதில்லை. கார்த்திகை வந்தது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறுவதை விட்டாய். பெட்டி பரணுக்குப் போனது. நான் தினமும் இருபத்திரண்டு படியும் கம்பி பிடிக்காமல் ஏறிக்கொண்டிருந்தேன்.

தையில் ஒரு காலை, தலை பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். நான் வரும்போது பின்னல் பாதியில் இருந்தது. மீதியை நான்தான் பின்னினேன். என் விரல் ரோஸ் உன் ரிப்பனில் ஒட்டிக்கொண்டது. கை கழுவாமல் வந்துவிட்டேன் என்று நீ திட்டவில்லை.

அதற்கப்புறமும் நான் எழுதுவதற்கெல்லாம் பஞ்சமில்லாமல் சிரிக்கிறார்கள். கம்பெனியில் சிரிக்கிறார்கள், டீக்கடையில் நிறுத்திச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எழுதினதை முதலில் உன்னிடம்தான் படித்துக் காட்டுவேன். நீ ஒரு நாளும் சிரித்ததில்லை. மூக்கால் "ம்" என்பாய், அதில் எந்த வரி பொய் என்று எனக்குத் தெரிந்துவிடும். சிரிக்க ஊரே இருக்கிறது. உன்னைப்போல் சிரிக்காமல் இருக்க ஓர் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை எடுத்து உன் நம்பர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவருகிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். பெரிய தியாகம் என்று நினைப்பு. நாலாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வடை மூஞ்சியைப் பார்த்ததுமே கேட்டார்கள்: "என்ன பொடிம்மா சாப்ட்டீங்க? எவ்வளவு நாளா? அதுல என்னா இருந்துச்சு?" இதையெல்லாம் திடீரென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்துத் திட்டினார்கள். என்ன இருந்தது என்று யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை நானே அடைத்தாயிற்று. இப்போது கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன்.

நான் நிறுத்தினேன், செல்வி நிறுத்தவில்லை. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உன் பெட்டி கதை வரும், பெட்டி கதை வந்தால் சுக்கு வரும். போன மாசம் பீங்கான் சில்லு ஒன்று அவள் குதிகாலில் குத்தி, இன்னும் ஆறவில்லை. அண்ணன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சக்கர வந்துட்டுதாம்க்கா. எங்க வம்சத்துலயே கிடையாது."

"பொடி இன்னும் சாப்புடுறியா?"

"சாப்புடாம எப்பிடிக்கா நிக்கிறது? நீங்கதானக்கா குடுத்தீங்க, அமிர்தம்னு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மணவாளநல்லூர்ல பிராது கட்டிட்டேன். என்ன இந்த நெலமைக்கு ஆளாக்குனவங்கள சாமி கேக்கட்டும்னு. ஆள் யாருன்னு தெரியல. பேர் போடல."

அவளிடமிருந்த புதுப் பொட்டலத்தில் பாதியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் சொட்டு மருந்து கெட்டுப்போயிருந்தது. காலேஜுக்குப் போய் மேடத்தைப் பார்த்தேன். உன் பேரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். புதிதாகக் கலக்கிக் கொடுத்தார்கள். "இந்தப் பெட்டி சந்தேகத்தத்தான் சொல்லும், தீர்ப்ப அரசு லேப்தான் சொல்லணும். ஆனா சந்தேகத்த நல்லா சொல்லும்" என்றார்கள். நேற்று ஞாயிறு. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, நீ செய்த மாதிரியே செய்தேன். மூடியைத் திறந்தால் ஆறு குழியும் ஊதா! வெறும் தண்ணீர் விட்ட குழிகூட ஊதா. ஊர்க் குடிதண்ணீரே ஸ்டீராய்டு போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். அப்புறம்தான் என் விரலைப் பார்த்தேன். கம்பெனி மை. தட்டைத் துடைத்த கையால் ஆறு குழியையும் நானே குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். வெளிச்சம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

புளி போட்டுக் கை தேய்த்தேன். பிளாஸ்டிக் உறையும் மாட்டிக்கொண்டேன். அதே சூளையில் வெந்த இன்னொரு தட்டை எடுத்தேன். இந்தத் தடவை தண்ணீர் தண்ணீராக இருந்தது. மாத்திரை ஊதா. செல்வியின் பொடி அடர் ஊதா. 'இவள்' மடிப்பிலிருந்து எடுத்து வைத்த சுக்கு, பக்கத்தில் இருந்த மூலிகைக் குழியைப் போலவே பழுப்பு. போன் சொன்ன நம்பரும் ஏறக்குறைய அதே. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கும் அந்த இரண்டு குழியும் இப்படித்தான் ஒன்றுபோல் இருந்திருக்கும், பிரித்த பொட்டலத்தில் இதே சுக்கு வாசனையும் அடித்திருக்கும். நீ நீளமாகப் பார்த்த பார்வைக்கு அதுதான் அர்த்தமா? தெரிந்திருந்தால் அங்கேயே என் காதைத் திருகியிருப்பாய். ஆகவே உனக்குத் தெரியாது என்று நம்புகிறேன். அப்படி நம்புவது எனக்கு வசதி.

சாயங்காலமே செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா போனில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், அவள் காலைப் பார்த்தார்கள், எனக்கு எழுதின மாதிரியே அவளுக்கும் குறைத்துக் குறைத்துச் சாப்பிட எழுதிக்கொடுத்தார்கள். காயம் ஆறும், சர்க்கரையும் இறங்கலாம், ஆனால் இன்னும் ரெண்டு மாசம் தின்றிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். வெளியே வரும்போது செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். "யாருக்கா இத கண்டுபுடிச்சது?" என்றாள். உன்னைச் சொன்னேன். உன்னைப் பற்றி மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொன்னேன். அவள் உன்னைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அழுதாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சினது என்னவென்று கேட்டால், பெட்டியைச் சொல்ல மாட்டேன். எதை எழுதி முடித்தாலும் காதுக்குள் அந்த மூக்கு "ம்" கேட்கிறது. கேட்டதும் ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். இந்தக் கடிதத்திலும் ஏழு இடத்தில் அடித்திருக்கிறேன்.

இன்று காலை மனுவைச் செல்வியின் பொட்டலத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பெட்டியின் அடியில் நீ எழுதி மடித்து வைத்திருந்த அதே மனுதான். ஆறாவது குழியின் முடிவுக்காக நீ ஆறேழு வரி இடம் விட்டிருந்தாய். அந்த இடத்தில் நேற்று வந்த நம்பரை எழுதினேன். அதற்குக் கீழே, முன்பு வந்த வித்தியாசத்துக்குப் பெட்டி காரணமில்லை, அந்தப் பொட்டலத்தில் மருந்தை எடுத்துவிட்டுச் சுக்கை வைத்தது நான்தான் என்று, பெரிய எழுத்தில் ஒப்புக்கொண்டேன். இவ்வளவு பாரம் இறங்கினது போல் எனக்கு இருந்ததே இல்லை. மேலே 'அனுப்புநர்' என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது, கீழே உன் கையெழுத்து. இரண்டையும் நான் அடிக்கவில்லை; என் பெயரை எங்கும் எழுதவும் இல்லை.